பாட்டு நின்ற வாரம்

அக். 20, 2007. சனி.

விடியும்போதே தூறல். ஆயுத பூஜை. மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் நாளைக் காலை வரை தொடக்கூடாது, கத்தரியும் எடுக்கக்கூடாது. அதற்குள் முடிக்க வேண்டியது: வீணா மேடம் பிளவுஸ் ரெண்டு (கொக்கி மட்டும் பாக்கி). கோடி வீட்டுப் பெண்ணுக்குப் பாவாடை. பால்காரர் மனைவி புடவைக்கு ஃபால்ஸ். தீபாவளி ஆர்டர் வேறு மலையாகக் கிடக்கிறது, அதைப் பற்றி இன்றைக்கு நினைக்கவே கூடாது.

ஃபால்ஸ் முடியவில்லை. காரணம் அப்பா.

முகம் துடைத்துவிடலாம் என்று அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். கண் மூடித் திறக்கிற நேரம்தான். "பாட்டு எங்கடா தாசா?" பளார். இடது கன்னம். வயசு எழுபதை நெருங்குகிறது, மூளை கலங்கிவிட்டது, நான் மகள் என்பது மறந்துவிட்டது. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. லாரி ஸ்டியரிங் பிடித்த கை.

தாசன் அப்பாவின் லாரியில் கிளீனராக இருந்தவன். சென்னை லோடு, சேலம் லோடு எல்லாவற்றுக்கும் கூடப் போவான். கேசட் தீர்ந்ததும் திருப்பிப் போடுவது அவன் வேலை. பாட்டு நின்றால் டிரைவர் தூங்கிவிடுவான், டிரைவர் தூங்கினால் எல்லாரும் காலி. இது அப்பாவின் சட்டம். தாசன் கண் அசந்து பாட்டு நின்றால் பிடரியில் ஒன்று விழும். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு. அம்மாவுக்கு விழப் பாட்டு நிற்க வேண்டியதில்லை, சாம்பாரில் உப்புக் குறைந்தால் போதும். அம்மா போய் மூன்று வருஷம். தாசன் எங்கே என்றே தெரியாது. ரெண்டு பேர் பங்கும் இப்போது எனக்கு.

சேகர் போன வருஷம் தன் பழைய பாட்டு பிளேயரைக் கொடுத்தான். (தம்பி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சந்தாபுராவில் வீடு.) தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டை. பழைய பாட்டெல்லாம் ஏற்றி, காதை மூடுகிற பெரிய ஹெட்போனும் வாங்கி வந்தான். மாட்டிவிட்டால் அப்பா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வண்டி ஓட்டுவார். காலால் பிரேக் கூடப் போடுவார். அவர் தூங்கும்போது சார்ஜ் போட்டால் மறுநாள் முழுக்க ஓடும். அது ஓடுகிறவரை நான் தைக்கலாம்.

பூஜை ஆனது. மெஷின், கத்தரி, டேப், தேக்கு ஸ்கேல். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தெருவில் பூசணிக்காய் உடைத்து, உள்ளே கொட்டின குங்குமம் மழையில் கரைந்து சாக்கடை வரைக்கும் சிவப்பு. ஒரு ஸ்கூட்டர்காரர் வழுக்கி விழுந்தார். "யாவனோ நடு ரோட்டல்லி ஒடெதவனு?" எவன் நடு ரோட்டில் உடைத்தது என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தமா குங்குமமா என்று அவருக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டிக்குப் பொரி கொடுத்துவிட்டு வந்தால், சந்தனக் கிண்ணம் அப்பா மடியில். டிவிக்குப் பொட்டு. கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு. பிளேயருக்கு முன்னே, பின்னே, அடியில் எல்லாம் அப்பி வைத்திருக்கிறார், மேலே குங்குமம். "பூஜ போட்டாச்சு. வண்டிய எடுக்கலாம்" என்றார். மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. ஈரத் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். சார்ஜ் போடும்போது ஒயர் சரியாக உள்ளே போகவில்லை. அமுக்கிச் சொருகினேன்.

கத்தரியை எடுத்து பீரோ மேலே வைத்துவிட்டேன். பூஜை போட்டதைத் தொடக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கும் கோபம் வரும். அவர் ரத்தம்தானே.


அக். 21. ஞாயிறு.

வெயில். புழுக்கம்.

சாப்பாட்டுக்கு முன்னால் பிளேயர் நின்றுவிட்டது, பாட்டு பாதியில். ஒயரைச் சொருகினால் விளக்கு எரியவில்லை. வேறு பிளக்கில் போட்டேன். இல்லை. ஒயரை ஆட்டினேன். இல்லை.

அப்பா முதலில் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"டேய். தூங்கிட்டியாடா?"

சாப்பாட்டுத் தட்டு சுவரில். ரசம் காலெண்டரில். நான் குனிந்து பொறுக்கும்போது முதுகில் ரெண்டு, காதோடு சேர்த்து ஒன்று. இதை எழுதும்போதும் காதில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். இறக்கி வைக்க முடியாத குக்கர்.

சேகருக்கு போன்.

"பேட்டரி போயிருக்கும்க்கா. இந்த மாதிரி பிளேயர்ல எல்லாம் உள்ளயே வெச்சு மூடிட்றாங்க. கொஞ்ச வருஷம் வரும், அவ்ளோதான்."

"வேற போட முடியாதா?"

"எஸ்.பி. ரோட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல கெடைக்கும். ஆனா இப்போ அதாக்கா முக்கியம்? அத்திபெலே பக்கத்துல ஒரு ஹோம் பாத்துட்டேன். நல்லா பாத்துக்குறாங்க. வர ஞாயித்துக்கெழம வண்டியோட வரேன், அப்பாவக் கூட்டிட்டுப் போயிடலாம். உன் மூஞ்சியக் கண்ணாடில போய்ப் பாரு."

"போன்ல தெரியுதா உனக்கு என் மூஞ்சி?"

"அம்மா மூஞ்சிய நானும் பாத்திருக்கேன்க்கா."

வைத்துவிட்டேன்.

அனுப்ப மாட்டேன். பாசம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். அம்மாவை அடித்த கைக்கு நான் சோறு ஊட்டுகிறேன். அதுதான் என் பதில். என்றைக்காவது ஒரு நாள் அவருக்குப் புத்தி தெளியும். நான் யார் என்று தெரியும். அப்போது என் முன்னால் ஒரு தடவை தலை குனிய வேண்டும். ஒரு தடவை போதும். அதைப் பார்க்க அவர் இங்கே என் கண் முன்னால் இருக்க வேண்டும். ஹோமில் போய் எவள் முன்னாலோ தெளிந்து என்ன பிரயோஜனம்?

அப்பாவும் ஒரு காலத்தில் கிளீனர்தான். முன்கையில் வரிசையாகத் தழும்பு, அவருடைய டிரைவர் பீடியால் சுட்டது. கல்யாண வீடுகளில் சட்டையை மடித்துவிட்டுக் காட்டுவார். "இதுலதான் தொழில் கத்துக்கிட்டேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.


அக். 22. திங்கள்.

ஸ்டெ. ஆன்ட்டியை அப்பாவுடன் உட்காரவைத்துவிட்டு எஸ்.பி. ரோடு. பஸ்ஸில் நிற்க இடமில்லை, மழை வேறு. பக்கத்தில் நின்ற பெண் என் கன்னத்தையே பார்த்தாள். முறைத்தேன். திரும்பிக்கொண்டாள்.

நாலு கடை ஏறி இறங்கி ஐந்தாவதில் கிடைத்தது. பிஸ்கட் மாதிரி தட்டையாக, வெள்ளிக் காகிதம் சுற்றி. இதற்குள்ளா இத்தனை பாட்டுக்கு உயிர்?

"ஹுடுகரு ஊரிகெ ஹோகித்தாரெ மேடம். ஒந்து வாரா ஆகத்தெ" என்றார் கடைக்காரர். பையன்கள் தசராவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், போட்டுக் கொடுக்க ஒரு வாரம். ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் மிஞ்சினால் பெரிசு. "நானே ஹாக்கோத்தினி" என்றேன். நானே போட்டுக்கொள்கிறேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திறப்பதற்கு பிளாஸ்டிக் துண்டு ரெண்டு சும்மாவே கொடுத்தார். கத்தியால் நெம்பக் கூடாதாம். பேட்டரியில் ஓட்டை விழுந்தால் "பெங்கி, மேடம், பெங்கி!" என்று ரெண்டு கையாலும் நெருப்பு எழும்புவதைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெ. ஆன்ட்டி வாசற்படியில். மூக்குக் கண்ணாடி ரெண்டு துண்டாக அவர் உள்ளங்கையில்.

"உன் டேடி என்னத் தள்ளிட்டாரும்மா. பாட்டுப் போடு பாட்டுப் போடுன்னார். நான் சர்ச் பாட்டுதான் பாடினேன். அதுக்கா இந்த அடி?"

இனி வர மாட்டார். சரிதான், யார் வருவார்கள்?

சாயங்காலம் ரேடியோ வைத்தேன். பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்ததும் ரேடியோ தரையில். கடைசியில் நானே பாடினேன். என் பாட்டுக்கு விழுந்த அடி நியாயமானதுதான்.


அக். 23. செவ்வாய்.

மேகமூட்டம். மழை இல்லை.

அப்பாவை உள் அறையில் தள்ளித் தாழ் போட்டேன். முதல் தடவை. அவர் கதவை உதைக்க உதைக்க, மெஷின் மேஜையில் பழைய துணி விரித்து வேலை.

கடைக்காரர் கொடுத்த துண்டில் ஒன்று முதல் நெம்பிலேயே உடைந்தது. ரெண்டாவது வளைந்தது. செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணின பழைய அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து, பிளவுஸ் தையல் பிரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தேன். டக். டக். ஒவ்வொரு கொக்கியாக விட்டது. தகட்டு மூடி ஒரு மூலையில் வளைந்துவிட்டது. போகட்டும்.

உள்ளே அழகாக இருக்கிறது. யாரோ பொறுமையான ஆள் பண்ணினது. காகிதம் மாதிரி ஒரு பட்டை ரெண்டு பக்கத்தையும் இணைக்கிறது, அதை இழுத்தால் தீர்ந்தது. மூடியைப் புத்தகம் மாதிரி மெல்லத் திறந்து சாய்த்து வைத்தேன்.

பேட்டரி பசை போட்டு ஒட்டியிருக்கிறது. நெம்பினால் மடங்கும், மடங்கினால் பெங்கி. அயர்ன் பாக்ஸில் துணியைச் சூடு பண்ணி பின்பக்கம் ஒத்தினேன். அப்புறம் நைலான் நூலை எடுத்து பேட்டரிக்கு அடியில் விட்டு, ரெண்டு கையாலும் ரம்பம் மாதிரி இழுத்தேன். பசை அறுந்து வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

கதவில் உதை. தாழ்ப்பாள் ஆணி ஒன்று வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. "தாசா! கொன்னுடுவேன்டா! கதவத் தெற!"

பழைய பேட்டரி கையில். இன்னொரு கையில் தையல் பிரிக்கிற ஊசி. ஒரே குத்து. அப்பா, நான், வீணா மேடம் பட்டு, எல்லாம் சேர்ந்து முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. வந்தது, எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள். பேட்டரியை ஜன்னல் திட்டில், துணிக்குத் தூரமாக வைத்துவிட்டு ஊசியை டப்பாவில் போட்டேன்.

புதிசை வைத்து, சின்ன பிளக்கை ட்வீசரால் மாட்டி, மூடி அமுக்கினேன். பட்டனை அழுத்தினேன்.

எரிந்தது!

கதவைத் திறந்து, அவர் கை ஓங்குவதற்குள் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கை அப்படியே காற்றில் நின்றது. அப்புறம் மெல்ல இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தது. ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். கியர் போட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் முழுக்க ஓடியது. ரெண்டு பிளவுஸ் வெட்டினேன். சே.க்கு போன் போட்டு, "ஞாயித்துக்கெழம வந்தா சாப்ட்டுட்டுப் போ. அப்பா எங்கயும் வரல" என்றேன். ஆம்பளைகள் மாதிரி விசில் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.


அக். 24. புதன்.

நோட்டைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். இடது கை ஆள்காட்டி விரலில் கட்டு.

காலையில் பிளேயர் செத்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க சார்ஜ் ஒயரில்தான் இருந்தது. ஒரு சொட்டு ஏறவில்லை. சைனா மால். கடைக்காரனை, அவன் பையன்களை, அவர்கள் போன ஊரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வீணா மேடம் தீபாவளிப் பட்டு பிளவுஸ் இன்று கொடுத்தாக வேண்டும். அப்பாவை அறையில் வைத்தால் தாழ்ப்பாள் தாங்காது. அதனால் வெளியே. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கைப்பட்டி தைத்தேன். ஒரு நிமிஷம்தான், மெஷினில் கண் போனது. பின்னாலிருந்து பிடரியில் விட்டார். "பாட்டு நின்னுபோச்சுடா!" தலை முன்னால் போய் மெஷின் தலையில் மோதியது, கால் மிதியில் அழுந்தியது, ஊசி விரலில் இறங்கியது. நகத்தில் இறங்கி அடியில் வந்து உடைந்தது. பட்டு முழுக்க ரத்தம்.

வலி தெரியவில்லை. ஸ்கேல் கைக்கு எப்படி வந்தது என்றும் தெரியவில்லை. தேக்கு ஸ்கேல், பொட்டு இன்னும் அழியாதது.

அடித்தேன்.

தோளில், முதுகில், மறைத்த கையில். காதில் ஒன்று. அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்தார், நான் கட்டில்மேல் ஏறி நின்று அடித்தேன். "நான் தாசன் இல்ல! வேணுமா? இன்னும் வேணுமா?"

அந்த "இன்னும் வேணுமா" என்னுடையது இல்லை. அப்பா அம்மாவிடம் கேட்பது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கேட்பார், அவள் ஏதோ பதில் சொல்லிவிட முடியும் என்கிற மாதிரி. என் வாயில் அதே குரல், அதே இழுப்பு. அது காதில் விழுந்ததும்தான் நிறுத்தினேன். விழாமல் இருந்தால் எப்போது நிறுத்தியிருப்பேன் என்று தெரியவில்லை.

அவர் சத்தமே போடவில்லை.

கிளினிக்கில் ஊசித் துண்டை எடுத்தார்கள். "வேலையில கவனம் வேணாமா?" என்றார் கம்பவுண்டர்.


அக். 25. வியாழன்.

நல்ல மழை. துணி காயவில்லை.

அப்பா தோளில் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. காது வீங்கியிருக்கிறது. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெ. ஆன்ட்டி கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டார். "நேத்து என்னம்மா அவ்வளவு சத்தம்?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டார் ஆன்ட்டி."

அம்மா தெருவுக்குச் சொன்ன பொய் இதுதான். அந்தச் சின்ன பாத்ரூமில் அத்தனை தடவை எப்படி வழுக்க முடியும் என்று யாருமே கேட்டதில்லை. ஆன்ட்டியும் கேட்கவில்லை.

இன்று பாட்டு கேட்கவில்லை. தாசனைக் கூப்பிடவில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். வீணா மேடத்துக்கு போன் பண்ணி, ரத்தம் பட்ட துணிக்குப் பதில் புதுசு எடுத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன், திட்டு வாங்கினேன். கட்டுப் போட்ட விரலோடு நாலு பிளவுஸ் முடித்தேன். வீடு அமைதி. பேட்டரி இல்லாமல், பாட்டு இல்லாமல்.

இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.


அக். 26. வெள்ளி.

காலையில் இட்லி ஊட்டும்போது வாய் திறக்க நேரம் ஆக்கினார். அவ்வளவுதான். என்னை அடிக்கவில்லை, தட்டைத் தள்ளவில்லை, வெறுமனே நேரம் ஆக்கினார். ஸ்கேலை எடுத்து முழங்காலில் ஒன்று வைத்தேன். உடனே வாய் திறந்தது. அடுத்த விள்ளலை வைத்தேன்.

சட்னி போடும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கோபமே இல்லை எனக்கு. கொசு அடிக்கிற மாதிரி அடித்திருக்கிறேன்.

ஸ்கேலை பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, கைக்கு வேறு வேலை வேண்டும் என்று பிளேயரை எடுத்தேன். திறந்து அந்த சைனா பேட்டரியைக் கழற்றிக் கடைக்காரன் மூஞ்சியில் எறிவதாக உத்தேசம். மூடியை நெம்பத் தலைகீழாகத் திருப்பினேன். மெஷின் லைட் நேராக அடிப்பக்கம் விழுந்தது.

ஒயர் சொருகுகிற வாயில் மஞ்சளாக ஏதோ.

குண்டூசியால் கிளறினேன். காய்ந்து கட்டியாகி, சின்னச் சின்னப் பொருக்காக வந்தது. மஞ்சள். நடுவில் சிவப்பு. மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். சந்தனம்.

ஊதி, ஊசியால் சுத்தமாக வழித்து, ஒயரைச் சொருகினேன். அமுக்கவே வேண்டாம், தானாக உள்ளே போனது. விளக்கு எரிந்தது.

பேட்டரிக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஜன்னல் திட்டில் கிடக்கிற பழையது நல்ல பேட்டரி, போட்ட புதுசும் நல்ல பேட்டரி. ஆயுத பூஜை அன்று அப்பா தன் வண்டிக்குப் பொட்டு வைத்தார். நான் கத்திக்கொண்டே அழுத்தித் துடைத்து அதை உள்ளே தள்ளினேன். போதாததற்கு ஒயரால் வேறு இடித்து அடைத்தேன்.

வருஷம் பூராவும் அந்த மனுஷன் கும்பிட்டது வண்டியை மட்டும்தான். ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அன்று ஒரு நாள் எங்கள் யார்மேலும் கை வைக்க மாட்டார். நாங்கள் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்போம். அந்த நாளில் அவர் செய்ததற்கா நான் இவ்வளவும் செய்தேன்?

வெட்கமாக இருக்கிறது. அவர் பாவம் என்று தோன்றவில்லை. என்மேல் அருவருப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.


அக். 27. சனி.

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

பிளேயர் முழு சார்ஜ். ஹெட்போனை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் போனேன். மாட்டிவிடக் கையைத் தூக்கினேன்.

அப்பா முகத்தை இடது பக்கம் திருப்பினார். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் என் கையைப் பார்த்தார்.

அம்மா இப்படித்தான் செய்வாள். அச்சாக இப்படியே. ஒரு கண் அடிக்கு, ஒரு கண் அடுத்த அடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க. அம்மாவுக்கு மட்டும்தான் அந்த முகம் உண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"பாட்டுப்பா. பாட்டு மாட்றேன்."

"அண்ணே" என்றார். என்னைப் பார்த்துத்தான். சன்னமான குரல், பையன் குரல். "நான் தூங்கல அண்ணே. சத்தியமா தூங்கல. பாட்டு ஓடுதுண்ணே. பாருங்க."

நான் இன்னும் மாட்டவே இல்லை.

முன்கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டார், பீடித் தழும்பு உள்பக்கம் வருகிற மாதிரி. மெல்ல மாட்டிவிட்டேன், பட்டனை அழுத்தினேன். பாட்டு போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கியர் போடவில்லை. ரெண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இப்போது வண்டியை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

என் முன்னால் ஒரு தடவை தலை குனிய வேண்டும் என்று கேட்டேனே. குனிந்தாகிவிட்டது.

சே.க்கு போன். "நாளைக்கு வண்டியோட வா."


அக். 28. ஞாயிறு.

சே. வரும்போதே சண்டைக்குத் தயாராக வந்தான். வண்டி முகப்பில் ஆயுத பூஜை மாலை காய்ந்து தொங்குகிறது.

"கூட்டிட்டுப் போ" என்றேன்.

"என்னக்கா திடீர்னு? ரொம்ப அடிச்சிட்டாரா?"

"அவர் அடிக்கிறதால இல்ல. நான் அடிக்கிறேன்."

"சும்மா இருக்கா. நீயாவது அடிக்கிறதாவது."

"இங்க இருந்தா தெனமும் அடிப்பேன் சேகர். அப்புறம் காரணம்கூடத் தேட மாட்டேன்."

அவன் நம்பவில்லை. சிரிக்கப் பார்த்தான். நான் கொடியிலிருந்து அப்பாவின் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுவிடப் போனேன். அப்பா ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். "தூங்கலண்ணே."

சேகர் என் கையிலிருந்து ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுவிட்டான். அவன் கைக்கும் அதே ஒரு கண் மூடல்.

பையில் வைத்தது: வேட்டி நாலு, பனியன், மாத்திரை, பிளேயர், ஹெட்போன், சார்ஜ் ஒயர், ஒரு அட்டையில் குத்தின குண்டூசி.

"ஊசி எதுக்குக்கா?"

சொன்னேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தான். "அத என்கிட்ட முன்னாடியே காட்டியிருக்கலாம்லக்கா" என்றான். முன்னாடி எனக்கு மட்டும் தெரியுமா?

வண்டியில் அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்தோம். கதவை அவரே சாத்தினார். நான் வாசலிலேயே நின்றேன், கிட்டப் போகவில்லை.


அக். 29. திங்கள்.

தூறல். விரல் குத்துகிறது. கோடி வீட்டுப் பெண் பாவாடை கொடுத்தாகிவிட்டது. பீரோவுக்கு அடியிலிருந்து ஸ்கேலை எடுத்து முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை. கழுவி, அதை வைத்துத்தான் வீணா மேடம் புதுப் பட்டை அளந்தேன். வேறு ஸ்கேல் இல்லை.

ஹோமிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். தமிழ்க்காரர்தான், நல்ல சுபாவம்.

"உங்கப்பா ரொம்ப சாதும்மா. ஒரு தொந்தரவும் இல்ல. பாட்டுப் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு அத நிக்காமப் பாத்துக்குறார். வெக்கந்தான் ஜாஸ்தி. யார் கிட்டப் போனாலும் கையால மூஞ்சிய மூடிக்கிறார். சின்ன வயசுலேருந்தே அப்படியா?"

"இருக்கும்" என்றேன்.